சின்ன ல

கம்ப்யூட்டருக்குச் சட்டை தைத்துப் போட்ட காலம் உங்களுக்கு நினைவிருக்கும். திரைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்று பூப்போட்ட பிளாஸ்டிக் உறைகள். நமக்கு ரெயின்கோட் இல்லாத மழைக்காலத்திலும் அதற்கு இருந்தது. இப்போதெல்லாம் நாம் தூங்கும்போது போன் தன்பாட்டுக்குப் புது சிஸ்டம் போட்டுக்கொண்டு, காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் முழிக்கிறது. அன்றைக்கு ஒரு வீட்டில் சிஸ்டம் மாற்றுகிறார்கள் என்றால் தெருவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்.

நான் சொல்ல வந்தது அப்படி ஒரு மழைக்காலத்தை. பம்பாயில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்களுக்கு ஒரே அறை. மழை வலுத்தால் சாக்கடைத் தண்ணீர் வாசல்படியைத் தாண்டிவிடும் என்பதால் அப்பா கம்ப்யூட்டரை மாளாவில் ஏற்றி வைத்திருந்தார். அறையின் பாதி உயரத்தில் பலகை அடித்துப் போட்ட மேல்தளத்தைத்தான் நாங்கள் மாளா என்போம். அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை தகரத்தில் இடிக்கும். ஏற இரும்பு ஏணி. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏணியின் முதல் படியோடு சரி. ஆக, எங்கள் வீட்டில் தமிழ் தெரிந்த ஆள் கீழே இருந்தாள், கம்ப்யூட்டர் மேலே இருந்தது.

நடுவில் நான். இங்கிலீஷ் மீடியம். இந்தி வாசிப்பேன், மராத்தி வாசிப்பேன், தமிழ் பேச மட்டும் வரும். பம்பாயில் வளர்ந்த உங்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருந்திருப்பீர்கள். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் அதில் சாமி படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த கூட்டம்தானே நாம்.

அப்பா தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில், கார்கானாவில் இருந்தார். ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை அவருடைய சேட் மூலமாக வாங்கிவந்தது என் படிப்புக்காக. நான் அதில் சீட்டு விளையாடிப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு உருப்படியான வேலை கொடுத்தது அம்மாதான். கேம்ப்பில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வாழ்த்து மடல் எழுத அம்மாவிடம் வருவார்கள். பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்திப் பத்துப் பன்னிரண்டு வரி, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு ஓசையில். அதை அச்சடித்து, மண்டபத்தில் மைக்கில் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். அம்மா காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைச் சந்துமுனை டிடிபி கடைக்காரர் தட்டித் தருவார். எங்களிடம் கம்ப்யூட்டர் வந்ததும் அவரே ஒரு பிளாப்பியில் தமிழ் எழுத்துருவைப் போட்டுக் கொடுத்து, இனிமேல் வீட்டிலேயே தட்டிக் கொண்டுவாருங்கள், நான் பிரிண்ட் மட்டும் எடுத்துத் தருகிறேன் என்றார். அந்த எழுத்துருவின் பெயரைச் சொன்னால் உங்களில் சிலருக்கு விரல் தானாக அசையும்.

எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த இங்கிலீஷ் கீ என்று ஓர் அட்டையும் தந்தார். தமிழ்ப் பக்கம் எனக்குப் புரியாதே. அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பென்சிலால் பக்கத்தில் இந்தியில் எழுதிக்கொண்டேன். பிறகு வேலை ஆரம்பமானது. அம்மா கீழே உட்கார்ந்து ஜீன்ஸ் பேண்ட்டுகளில் நூல் வெட்டுவாள். குர்லாவிலிருந்து மூட்டையாக வரும், பிசிறு நூலைக் கத்தரித்துக் கொடுத்தால் பீசுக்கு இவ்வளவு என்று கூலி. கத்தரி ஓடும்போதுதான் அவளுக்கு வரி வரும். வந்ததும் மேலே பார்த்து எழுத்து எழுத்தாகச் சொல்வாள். மானாவுக்குப் புள்ளி என்றால் கே, செமிகோலன். துணைக்கால் என்றால் எச். நான் முதன்முதலில் தட்டிய சொல் அம்மா. எம், கே, செமிகோலன், கே, எச். திரையில் அது தமிழாகத் தெரிந்தது. எனக்கு அது படமாகத் தெரிந்தது. என் விரலுக்கு மட்டும் அது mk;kh.

கஷ்டம் ஒன்றுதான். ல, ள, ழ மூன்றும் என் நாக்கில் ஒன்று. அம்மா ஊரில், நாசரேத்துப் பக்கத்துப் பள்ளியில் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள், மூன்றையும் மூன்றாகச் சொல்வாள். எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். கடைசியில் அவளே வழி கண்டுபிடித்தாள். சின்ன ல என்றால் ஒய். பெரிய ள என்றால் எஸ். பழத்து ழ என்றால் ஓ. அவள் சொன்ன கீயைத் தட்டுவேன், வாசிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே மாதிரி வாசிப்பேன். அம்மா சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவாள்.

அந்த ஆவணியில் கல்யாணம் எங்கள் வீட்டிலேயே. அம்மாவின் தம்பிக்கு, என் மாமாவுக்கு.

மாமா வருகிறார் என்றால் முதலில் பவுடர் வாசனை வரும். கழுத்து வெள்ளையாக இருக்கும். சட்டைப்பையில் பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்க்ரூடிரைவர். ஐரோலிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்பது லேபர் கேம்ப்பில் நாலு வாய் மாறியதும் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தால் ரேடியோ, இஸ்திரிப்பெட்டி, கால்குலேட்டர் எல்லாம் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாமா வாங்கி, ஆட்டிப் பார்த்து, போர்டு போயிட்டு என்பார். உண்மையில் அவர் அங்கே கம்ப்யூட்டர்களைத் தெர்மாகோல் வைத்துப் பெட்டியில் அடைக்கிற பிரிவில் இருந்தார். இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நான் அவரை உலகத்திலேயே பெரிய மூளைக்காரர் என்று நம்பியிருந்தேன். ஒவ்வொரு இஸ்திரிப்பெட்டியையும் வாங்கும்போது அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

பவுடர் எதற்கென்றும் அப்போது தெரியாது. அம்மா எப்போதோ சொன்னதை வைத்துப் பின்னால் சேர்த்துக்கொண்டேன். ஊரில் அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனதும், பால்பல் விழுந்த வாயோடு மாமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பம்பாய்க்கு வந்தவர். அப்போது எங்கள் அறையில் அப்பாவின் அண்ணன் தம்பிகளும் இருந்தார்கள். கால் நீட்ட இடமில்லை. அதனால் இருட்டியதும் அப்பா அவரைக் கார்கானாவில் கொண்டுபோய் விடுவார். பதம்போட்டு அடுக்கிவைத்த தோல் கட்டுகளின்மேல் ஒரு வேட்டியை விரித்து மாமா தூங்குவார். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்களாம். அந்த வாடை போய்ப் பல வருஷமான பிறகும் மாமா பவுடரை விடவில்லை.

பெண்வீட்டார் செம்பூரில் மளிகைக்கடை வைத்திருந்தவர்கள். நாலு பேர் மதிக்கும் குடும்பம், பேச்சில் சுத்தத் தமிழ். பெண் பார்க்கப் போனபோது தோல் என்கிற சொல்லே வாயில் வரக்கூடாது என்று மாமா எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவை அங்கே பேக் பிசினஸ் என்று அறிமுகப்படுத்தினார்கள். அப்பா தன் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு லட்டு கிடைத்த சந்தோஷத்தில் அது பெரிதாகப் படவில்லை.

தம்பிக்கு நகை போட அம்மாவிடம் வழியில்லை. மடல்தான் அவள் சீர். ஒரு மாதம் முழுக்க நூல் வெட்டிக்கொண்டே வரி வரியாகக் கட்டினாள். காகிதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. போன மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் பழைய மடல்கள் எல்லாம் கூழாகிவிட்டன, கம்ப்யூட்டருக்குள் போனால் அழியாது என்று நம்பினாள். ஒரு வரியில் மட்டும் என்னைப் பாடாய்ப் படுத்தினாள். அதில் ஒரே ஓர் எழுத்து. பெரிய ள போடு என்பாள், எஸ் தட்டுவேன். அடுத்த நாள் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே, ஏட்டி, அத சின்ன ல ஆக்கு என்பாள். மறுபடி ஏறி, ஒய். இரண்டு நாள் கழித்துத் திரும்ப எஸ். எனக்கு இரண்டும் ஒன்றுதான், ஏணி ஏறுவதுதான் வேலை. கடைசியாக அவள் சொன்னது சின்ன ல. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் மாமா ஒரு கலர் பிரிண்டரைக் கொண்டுவந்து இறக்கினார். கூட வேலைபார்த்தவர் இரவல் கொடுத்தது. மடலைச் சுற்றி ரோஜாப்பூ போட்டு, வீட்டிலேயே கலரில் எடுத்துச் செம்பூர்க்காரர்களை அசத்திவிடலாம் என்று திட்டம். ஆனால் எங்கள் பழைய சிஸ்டத்துக்கு அந்தப் பிரிண்டரைத் தெரியவில்லை. புதிதாக ஏதோ வந்திருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது. மாமாவின் நண்பர் ஒரு சிடியும் கொடுத்திருந்தார். புது சிஸ்டத்தைப் போட்டுவிடு, அரை மணி நேர வேலை என்று சொன்னாராம். யாருடைய அரை மணி நேரம் என்று சொல்லவில்லை.

அன்று காலை மாமாவுக்குக் காப்புக் கட்டி நலங்கு வைத்திருந்தார்கள். காப்புக் கட்டிய மாப்பிள்ளை வாசலைத் தாண்டக்கூடாது. மாளா ஏறலாமா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லாததால் முகத்தில் மஞ்சளோடு ஏறிவிட்டார். நான் பின்னாலேயே ஏறினேன்.

சிடி சுற்றியது. உடனே நினைவகம் போதாது என்றது. அதற்கும் நண்பர் ஒரு மெமரிக் குச்சியைக் கொடுத்திருந்தார். மாமா பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு செத்த கரப்பான்பூச்சி, மெத்தை மெத்தையாக நீல நூல். அம்மா வெட்டிய ஜீன்ஸ் நூல் காற்றில் பறந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அதை வழித்து எடுத்துவிட்டுக் குச்சியைச் சொருகினார். பெட்டி நீளமாகக் கூவியது, திரை இருட்டாகவே இருந்தது. கீழே பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாமா கழற்றி மாட்டினார், கூவியது. ஊதி மாட்டினார், கூவியது. பிறகு யாரோ சொல்லிக் கேட்டது ஞாபகம் வந்து, மருமவளே உன் ரப்பரக் குடு என்றார். ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர், பள்ளியில் யாருக்கும் இரவல் தராமல் வைத்திருந்தது. அதால் குச்சியின் பொன்னிறப் பற்களை அழுத்தித் தேய்த்தார். மாட்டியதும் திரை வந்தது. அந்த ரப்பர் கறுத்துப்போனது, வாசனை மட்டும் அந்த மழைக்காலம் முடியும்வரை இருந்தது.

அடுத்தது சிடி உறையில் மார்க்கரால் எழுதியிருந்த சங்கேத எண். எட்டா, பியா, பூஜ்யமா, ஓவா என்று நானும் மாமாவும் மாற்றி மாற்றித் தட்டினோம். அது ஏற்றுக்கொண்டபோது மாமா காப்புக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திரை ‘இன்னும் முப்பத்தொன்பது நிமிடம்’ என்று சொல்லி அங்கேயே நின்றது. உங்களுக்கும் இது நடந்திருக்கும். அந்த முப்பத்தொன்பதில் மத்தியானச் சாப்பாடே முடிந்துவிட்டது. வீட்டில் ஒரே ஒரு பிளக் பாயின்ட் என்பதால் மிக்ஸி போட முடியாமல் தேங்காய்ச் சட்டினிக்கு எதிர்வீட்டுக்குப் போனார்கள். கரண்ட் போய்விடக்கூடாதே என்று அப்பா வாசலில் நின்று, மின்கம்பத்துக்குப் பக்கத்தில் பந்து விளையாடிய பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகப் பச்சை மேடும் நீல வானமும் வந்தன. அந்தப் படத்தை நீங்கள் மறந்திருக்க முடியாது. கேம்ப்பில் எந்த வாசலில் நின்றாலும் எதிர்வாசல்தான் தெரியும். அவ்வளவு பெரிய வெறும் இடத்தை ஒரே பார்வையில் நாங்கள் பார்த்ததில்லை. ஒவ்வொருவராக ஏணியில் ஏறித் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அம்மா கீழிருந்து என்னட்டி தெரியுது என்று கேட்டாள். புல்லு, வானம் என்றேன். ஆள் யாரும் இல்லையா என்றாள். இல்லை என்றேன். அப்ப பம்பாய் இல்ல என்றாள்.

பிரிண்டரும் உயிர் பெற்றது. மாமா என்னைத் தூக்கிச் சுற்ற முடியாததால் தலையில் தட்டினார். பிறகு மடலைத் திறந்தார்.

திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்து. சொல்லாக எதுவும் இல்லை. எழுத்துக்கு நடுவே செமிகோலன், அடைப்புக்குறி, காற்புள்ளி. மாமா மூடித் திறந்தார். அப்படியே இருந்தது. இன்று எந்தச் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் எழுத்துரு போய்விட்டது, திரும்பப் போடு என்று சொல்லும். மாமா கண்டது பிரித்து அடுக்க முடியாத குப்பை. ஏணியில் இறங்கி, அம்மா முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“எக்கா, வைரஸ் புகுந்துட்டு. எல்லாத்தையும் தின்னுட்டு.”

வைரஸ் என்றதும் எதிர்வீட்டுக்காரி மாவுப் பானையை மூடினாள். அப்பா என்னை மேலேயிருந்து இறங்கச் சொன்னார், எனக்குப் போன வாரம்தான் காய்ச்சல் விட்டிருந்தது. அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள்.

டிடிபி கடைக்காரர் கொடுத்த பிளாப்பியைத் தேடி எடுத்துப் போட்டார்கள். மழை ஈரத்தில் அது பூசணம் பிடித்திருந்தது, கரகரவென்று அரைத்துவிட்டுத் துப்பியது. மாமா வெளியே போகக்கூடாது. அப்பா குடையோடு போனார். கடை பூட்டியிருந்தது, கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டாராம். சரி, ரெடிமேடாக ஒரு இங்கிலீஷ் வாழ்த்து அட்டை வாங்கிக்கொள்ளலாம் என்றார் அப்பா. அது நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து மடலை நினைவுகூரப் பார்த்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் பாதி வந்தது. அதற்குமேல் வரவில்லை. பத்திரமான இடத்தில் வைத்துவிட்டோம் என்கிற தைரியத்தில் மனசு அதைக் கைகழுவிவிட்டிருந்தது. விளக்குமாற்றை எடுத்து, ஏற்கெனவே பெருக்கிய இடத்தைப் பெருக்கினாள். என் அம்மா அழுததை நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று அவள் முதுகு அழுதது எனக்குத் தெரிந்தது.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததால் மாளாவுக்கு ஏறினேன். திரை அப்படியே திறந்திருந்தது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். mk;kh என்று ஒரு இடத்தில் இருந்தது. எம், கே, செமிகோலன், கே, எச். அதற்கு முந்தின சொல்லையும் விரலால் தொடாமல் தொட்டுப் பார்த்தேன். அதுவும் வந்தது. உறைத்தபோது சிரிப்புத்தான் வந்தது. ஒரு மாதமாக நான் பார்த்த தமிழ் இதுதானே. இவர்கள் எல்லாரும் பார்த்த தமிழைத்தான் நான் பார்த்ததே இல்லை.

முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்தேன். அதுவரை அம்மா கீழிருந்து சொல்ல நான் மேலே தட்டினேன். அன்று நான் மேலிருந்து சொல்ல அவள் கீழே கேட்டாள். விளக்குமாற்றுச் சத்தம் நின்றுவிட்டது. முடித்ததும் கீழே எட்டிப் பார்த்தேன். மாமா ஏணியின் பாதியில் நின்று என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, இன்னொருக்க வாசி என்றாள். வாசித்தேன்.

“நீ கேட்டு எழுதிக் குடு எக்கா, யாராவது மைக்ல வாசிக்கட்டும்,” என்றார் மாமா.

அம்மா யோசித்தாள். “வேண்டாம்ல. இவதான தட்டுனா, இவளே வாசிக்கட்டும்,” என்றாள்.

மாமாவுக்கு அதற்குமேல் எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. அந்தக் குப்பையை அப்படியே கலரில் பிரிண்ட் எடுத்தார். சுற்றிலும் சிவப்பு ரோஜா, நடுவில் யாருக்கும் புரியாத இங்கிலீஷ்.

மறுநாள் செம்பூர் மண்டபத்தில், தாலி கட்டி முடிந்ததும் என்னை ஸ்டூலில் ஏற்றி மைக்கைத் தாழ்த்தினார்கள். தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். வெளியே மழை, உள்ளே ஈரச் சேலையும் மல்லிகையும் சாம்பாரும் கலந்த வாசனை. கூட்டம் முதலில் பேசிக்கொண்டுதான் இருந்தது. நாலாவது வரிக்கு அடங்கிவிட்டது. அம்மாவின் மடலில் எனக்கு இன்றும் மனப்பாடமாக இருப்பது கடைசி வரிகள். மண்டபத்தின் காதில் விழுந்தபடி சொல்கிறேன்:

பல்லு விழுந்த வாயோடு பம்பாய்க்கு வந்த பிள்ளை
தோளில் தூங்கிய தம்பி இன்று தோரணத்தின் கீழே நிற்கிறான்
இடம் கொடுத்த ஊருக்கும் இணையாக வந்தவளுக்கும்
இரு கையும் கூப்புகிறேன், இனி இவன் உங்கள் பிள்ளை.

பெண்வீட்டுப் பெரியவர், புது அத்தையின் அப்பா, துண்டால் கண்ணைத் துடைத்தார். அக்காள் தோளில் போட்டு வளர்த்திருக்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அம்மா தூண் ஓரமாக நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா மாலைக்குள் தலையைக் குனிந்துகொண்டார். நிமிரவே இல்லை. கல்யாண மாப்பிள்ளையின் கூச்சம் என்று நினைத்தேன்.

பெரியவர் என்னை இறக்கிவிட்டு, லேபர் கேம்ப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது என்று எந்த மடையன் சொன்னது என்று கேட்டுக்கொண்டே தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். நான் ஸ்டூலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“கம்ப்யூட்டர் பாஷைல எழுதியிருக்காவ. மாப்ள இன்ஜினியருல்லா,” என்றார் சுற்றியிருந்தவர்களிடம்.

அவரே தன் செலவில் அதற்குத் தங்கநிறச் சட்டம் போட்டு மாமா வீட்டுக்கு அனுப்பினார். மாமா டோம்பிவிலிக்குக் குடிபோனபோது அதுவும் போனது. டிவிக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். எங்க நாத்தனார் எழுதின மடல் என்று அத்தை சொல்வாள். அவர்கள் மறுபடி ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுக் காப்பியைக் குடிப்பார்கள். மாமா இன்ஜினியர் இல்லை என்பது அத்தைக்குக் கல்யாணமான மாதமே தெரிந்துவிட்டது. வீட்டு இஸ்திரிப்பெட்டி கெட்டுப்போனது, அவ்வளவுதான். அதைச் சொல்லி இப்போதும் சிரிப்பாள்.

அந்தக் கம்ப்யூட்டர் பழைய சாமான்காரரிடம் போனது. அட்டையும் பிளாப்பியும் எங்கே போயின என்று தெரியாது. நான் தமிழை முறையாக வாசிக்கக் கற்றது வேலைக்குப் போன பிறகு, மின்ரயிலில், அம்மாவைச் சந்தோஷப்படுத்த. இன்றும் இந்தப் பக்கங்களை அதே கீகளில்தான் தட்டுகிறேன். ல, ள, ழ நாக்கில் ஓரளவு பிரிந்துவிட்டன, எழுத்தில் சுத்தமாகப் பிரிந்துவிட்டன.

அம்மா போய் ஒரு வருஷம் ஆனதை ஒட்டி, போன மாதம் மாமா வீட்டில் எல்லாரும் கூடினோம். சாப்பாடு முடிந்ததும் மாமாவின் மகன் அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வயதில் என்னைவிட மிகவும் சிறியவன், உண்மையிலேயே கம்ப்யூட்டர் இன்ஜினியர். சிவப்பு ரோஜாக்கள் வெளிறிச் சுவரின் நிறத்துக்கு வந்துவிட்டன. எழுத்து மட்டும் கறுப்பாக நிற்கிறது. இதைத் தமிழாக மாற்ற ஆன்லைனில் வழி இருக்கிறது, ஒரு செகண்ட் வேலை என்று சொல்லி, போனில் எழுத்து எழுத்தாகத் தட்டி, ஒரு பட்டனை அமுக்கினான். அம்மாவின் மடல் நல்ல தமிழில் வந்து நின்றது. அன்று நாங்கள் ஒரு நாள் முழுக்கப் பட்ட பாடு, அவனுக்கு ஒரு கொட்டாவி விடும் நேரம்கூட எடுக்கவில்லை.

அத்தை போனை வாங்கி வாசித்தாள். எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசி வரிகளுக்கு வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். தோலில் தூங்கிய தம்பி என்று வந்திருக்கிறது, சின்னப் பிள்ளையில் தப்பாகத் தட்டியிருக்கிறாய், தோள்தானே என்றாள். இரு, திருத்திவிடுகிறேன் என்று அவள் மகன் போனுக்குக் கை நீட்டினான்.

நான் சட்டத்தைப் பார்த்தேன். Njhypy; என்று இருந்தது. நடுவில் ஒய். ஏணியில் ஏறி ஏறி மாற்றிய அந்த எழுத்து இந்த வரியில்தான் என்று அப்போதுதான் பிடிபட்டது. எஸ், ஒய், எஸ், ஒய். அம்மா எதற்கு அவ்வளவு தவித்தாள் என்பதும், அன்று ஏன் தாளில் எழுதிக் கொடுக்கவில்லை என்பதும் ஒரே நேரத்தில் விளங்கின; என் நாக்கில்தான் தோளும் தோலும் ஒன்று. சொல்ல வாயெடுக்குமுன் மாமா பேசினார். நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர், தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்தோம்.

“மாத்தாதல. எக்கா சரியாத்தான் சொல்லியிருக்கா.”

அத்தை புரியாமல் பார்த்தாள். கார்கானாவையும், தோல் கட்டையும், வேட்டி விரித்துப் படுத்ததையும் மாமா அவளிடம் சொன்னார். மகன் முன்னால், எங்கள் எல்லார் முன்னாலும், சாதாரணமாகச் சொன்னார். மைக்கில் கேட்ட அந்த நிமிஷமே தனக்கு எந்தச் சொல் என்று தெரிந்துவிட்டது என்றும் சொன்னார். இவ்வளவு வருஷமும் டிவிக்கு மேலே தொங்குவது எந்தச் சொல் என்று தெரிந்தேதான் அதன் கீழே உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறார். அத்தை எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு அந்தத் தமிழ் ஒழுங்கா வந்திருந்தா, மொத வேலையா அந்த வரிய எடுக்கச் சொல்லியிருப்பேன்,” என்றார் மாமா. “எக்காவும் எடுத்திருப்பா. நல்லவேள, வரல.”

அப்பாவை நினைத்துக்கொண்டேன், மேஜைக்கு அடியில் இருந்த அந்தக் கைகளை. மாமாவின் மகன் போனைப் பிடித்தபடியே, அப்போ எந்த எழுத்து போட்டு சேவ் பண்ணட்டும் என்று என்னிடம் கேட்டான்.

சின்ன ல என்றேன். ஒய்.